முழுதாய் வந்தவை மட்டும்

"உதடு என்னாச்சு அண்ணி?"

"கதவுல இடிச்சுக்கிட்டேன்."

"போன மாசம் கண்ணு அலமாரியில. அதுக்கு முன்னால மணிக்கட்டு மாடிப்படியில. உங்க வீட்டுச் சாமானுக்கெல்லாம் உங்க மேல அப்படி என்ன கோவம்?"

"நீ சிரிக்கிறதுக்குக் கேக்குறியா பாப்பா, தெரிஞ்சுக்கிறதுக்குக் கேக்குறியா?"

பாப்பா மேசைப் பக்கம் திரும்பி, சுத்தமாக இருந்த ஒரு குமிழைத் துடைத்தாள்.

தலையில் நரை எட்டிப் பார்த்துவிட்டது. ஆனாலும் அவள் பாப்பாதான். அண்ணன் அந்த ஆய்வுக்கூடத்தில் பேராசிரியர். நாலு பேர் முன்னால் அவர் அப்படி அழைத்து அழைத்து, வாயிற்காவலர் வரைக்கும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அவளுடைய வேலை முடுக்கியை இயக்குவது. கட்டுப்பாட்டு அறையில் அவள் ஒரு பொத்தானை அழுத்தினால், தடித்த சுவருக்கு அந்தப் பக்கம் லித்தியம் அணுக்கருக்கள் கண்ணுக்குத் தெரியாத ஈட்டியாகப் பாய்ந்து மெல்லிய ஈயத் தகட்டில் போய் விழும். அதை அங்கே பீம் என்பார்கள். விழுந்து சிதறுவதை எண்ணுவது அண்ணியின் வேலை. அண்ணியும் இயற்பியல் படித்தவள். அண்ணனின் குழுவில், அண்ணனுக்குக் கீழே.

அண்ணி ஒரே ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லியிருந்தாள். "உங்க அண்ணன் என்னை அடிக்கிறார் பாப்பா." அதற்குப் பாப்பா சொன்ன பதிலை இருவருமே மறக்கவில்லை.

"எங்க அண்ணனா? கரப்பான்பூச்சியைக்கூட காகிதத்துல ஏந்தி வெளியில விடுற மனுஷன். வீட்டுச் சண்டையை இப்படியெல்லாம் பெருசாக்காதீங்க. காலையில எழுந்து முழுசாத்தானே வேலைக்கு வர்றீங்க?"

அதற்குப் பிறகு எல்லாமே மாடிப்படி, அலமாரி, கதவு.

"கறுப்பு டேப் இருக்கா?" என்றாள் அண்ணி.

"எதுக்கு?"

"கூடத்துல இருக்கிற பேச்சுப்பெட்டியில ஒரு சிவப்பு விளக்கு எரியுதில்ல, அதை மூடணும். டிடெக்டருக்கு வெளிச்சமே ஆகாது. அந்தத் துளி வெளிச்சம் டிடெக்டர் இருக்கிற கலத்துக்குள்ள போனாலும், ஏதோ அணு வந்து விழுந்த மாதிரி பொய் சொல்லுது."

மூலையில் சாவிப் பலகைக்குக் கீழே உட்கார்ந்திருந்த பாதுகாப்பு அதிகாரி நிமிர்ந்தார். ஓய்வு பெறும் வயது. சாவிக்காரர் என்றால்தான் அவரை எல்லோருக்கும் தெரியும். மோதல் நடக்கும் கூடத்துக்குள் யார் போனாலும் அந்தப் பலகையிலிருந்து ஆளுக்கு ஒரு சாவி எடுத்துக்கொண்டுதான் போகவேண்டும். ஒரு கொக்கி காலியாக இருந்தாலும் பீம் வராது. எல்லாச் சாவியும் திரும்பும்வரை பேச்சுப்பெட்டியும் திறந்தே இருக்கும். உள்ளே ஒருவர் இருமினால் இங்கே கேட்கும். கடைசியாக வெளியே வருபவர் கூடத்தைச் சுற்றிப் பார்த்து, யாரும் இல்லை என்பதற்கான பொத்தானை அழுத்திவிட்டுச் சாவியை மாட்டவேண்டும்.

"விளக்கை மூடிக்கம்மா. பெட்டியை மட்டும் அணைச்சுடாதே. எனக்குக் காது கேக்காதுன்னு வீட்டுல முடிவே பண்ணிட்டாங்க. இங்கயாவது எதையாவது கேட்டுட்டுப் போறேன்."

பாப்பா சிரித்துக்கொண்டே டேப்பைப் பல்லால் கடித்துக் கிழித்துக் கொடுத்தாள். அண்ணி உள்ளே போய் ஒட்டிவிட்டு வந்து சாவியை மாட்டினாள்.

"ஆமா, வந்ததுலேர்ந்து எண்ணிக்கிட்டே இருக்கியே, அப்படி எதைத்தான் எண்றே?" என்றார் சாவிக்காரர்.

"முழுசா வர்றதை மட்டும் ஐயா. இந்த லித்தியத்துக்குள்ள ரெண்டு துண்டு. சின்ன துண்டு ஒண்ணு, பெரிய துண்டு ஒண்ணு. பேருக்குத்தான் ஒட்டிக்கிட்டு இருக்கு. ஈயத்தைத் தொடக்கூட வேண்டாம், பக்கத்துல போனாலே அதோட மின்விசையில பிட்டுக்கும். சிலது மட்டும் பிட்டுக்காம, உள்ளுக்குள்ள ஒண்ணும் ஆகாம, திசை மட்டும் மாறி வெளியில வரும். மீள்சிதறல்னு சொல்வோம். வந்ததை எண்ணினா, வராமப் போனது எவ்வளவுன்னு தெரிஞ்சுடும்."

"உடையுறதை நேரா பார்க்க முடியாதா?"

"அதை யாரும் பார்த்ததில்ல. எண்ணிக்கை குறைஞ்சா, எங்கேயோ உடைஞ்சிருக்குன்னு அர்த்தம்."

"குறையல. உன் டிடெக்டர் செத்துக் கிடக்கு, அவ்வளவுதான்."

வாசலில் பேராசிரியர் நின்றிருந்தார். அவர் வந்தால் அறையில் நல்ல சோப்பு வாசனை வரும். சாவிக்காரருக்கு ஒரு வணக்கம், தங்கைக்கு உச்சந்தலையில் செல்லமாக ஒரு தட்டு. "சாப்பிட்டியா பாப்பா? முகம் வாடியிருக்கே."

"டிடெக்டர் சாகலைங்க. எல்லா விதத்துலயும் சோதிச்சுட்டேன்," என்றாள் அண்ணி.

"பின்பக்கக் கோணத்துல பாதிக்குப் பாதி குறையுதுங்கிறே. நான் அந்தக் காலத்துல அளந்தப்போ குறையவே இல்ல. அப்போ எது தப்பு? நானா, டிடெக்டரா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். கையிலிருந்த பேனா மட்டும் நடுவில் முறிந்து, மை விரல்களில் வழிந்தது. அதைக் கைக்குட்டையில் துடைத்தார், விரல் விரலாக.

"உள்ள வா. கலத்தோட மூடியை இறக்குறதுக்கு முன்னால வெளிச்சம் வேற எங்கயாவது கசியுதான்னு பார்த்துடுவோம்."

"பாப்பாவும் வரட்டுமே."

"அவ மேசையை விட்டுட்டு எப்படி வருவா? ஏன், என்கூட தனியா வர பயமா இருக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணியும் சிரித்தாள். சிரித்ததில் உதடு மறுபடி பிளந்து ஒரு சொட்டு ரத்தம் நின்றது. பலகையிலிருந்து இரண்டு சாவிகள் போயின.

ஒலிபெருக்கியில் காலடிச் சத்தம் கேட்டது. பிறகு கான்கிரீட் கதவு தண்டவாளத்தில் உறுமியபடி நகர்ந்து மூடிக்கொண்டது. நடைவழி வெளிச்சம் உள்ளே வரக் கூடாதென்றால் கதவை மூடித்தான் ஆகவேண்டும். அதில் யாரும் விசேஷமாக எதையும் நினைக்கவில்லை.

"விளக்கை அணை."

டக்.

"பேச்சுப்பெட்டி?"

"விளக்கு எரியலையே. பாருங்க."

"ம். ஒரு பொட்டு வெளிச்சம் இல்ல. நல்லது."

பாப்பாவின் முதுகு நாற்காலியை விட்டு விலகியது. அந்த டேப்பின் பசை இன்னும் அவள் பல்லில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அப்புறம் அந்தச் சத்தம். ஈரத்துணியைக் கல்லில் அறைந்தது போல.

"ஆளுங்க முன்னால என்னைத் திருத்துறியா?"

இன்னொரு அறை. ஏதோ ஒன்று இரும்பில் போய் மோதியது. யாரோ மூச்சை உள்ளுக்கு இழுத்தார்கள்; அது வெளியே வரவில்லை.

பாப்பாவின் கை ஒலிக்குமிழுக்குப் போனது. குறைத்தது.

"என்னம்மா சத்தம் அது?"

"பம்ப்பு ஐயா."

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. மாடிப்படி, அலமாரி, கதவு, பம்ப்பு. அவள் குனிந்து ஒலிபெருக்கியில் காதை ஒட்டவைத்தாள்.

"இப்போ சொல்லு. எது தப்பு?"

"நீங்கதான். உங்க பழைய டிடெக்டருக்கு உடைஞ்ச துண்டும் முழுசும் ஒண்ணுதான். ரெண்டையும் சேர்த்து முழுசுன்னு எண்ணிட்டீங்க. அதை வச்சுத்தான் இத்தனை வருஷமா மேடை மேடையா பேசுறீங்க."

ஒரு குத்து. தொப்பென்று ஏதோ விழுந்தது.

"இதை வெளியில சொல்வியா?"

"சொல்வேன். எல்லாத்தையும் சொல்வேன். போன வாரம் என் கழுத்தை நெரிச்சீங்களே, எதால நெரிச்சீங்க?"

"ஏன், ஞாபகமில்லையா?"

"உங்க வாயால சொல்லுங்க."

"பெல்ட்டால. போதுமா? இப்பவும் இடுப்புலதான் இருக்கு."

"கண்ணு?"

"முட்டியால. என்னடி, என்னையும் எண்றியா? எண்ணி யாருகிட்ட காட்டப் போறே? என் தங்கச்சிகிட்ட போய் அழுதியே, என்ன பண்ணினா? அன்னைக்கே என்கிட்ட வந்து சொல்லிட்டா, அண்ணா, அண்ணி இப்படியெல்லாம் பேசுறாங்கன்னு. அன்னைக்குத்தானே உன் மணிக்கட்டு போச்சு?"

ஆமாம், பாப்பா சொன்னாள். குடும்பம் கலையக் கூடாதே என்று சொன்னாள்.

"சாவியைக் குடு."

"எதுக்கு?"

"உன்னை இந்த இரும்புக் கால்ல கட்டிப் போட்டுட்டு நான் மட்டும் வெளியில போறேன். யாருமில்லைன்னு பொத்தானை நானே அழுத்துறேன், ரெண்டு சாவியையும் நானே மாட்டுறேன். அவ நடைவழியாவே வீட்டுக்குப் போயிட்டான்னு சொன்னா சாவிக்காரப் பெரிசு நம்பிடும்."

"பீம் வருமே."

"வரட்டும். முழு பலத்துல விடச் சொல்றேன். உன் பக்கத்துல பீமைத் தடுக்கிற கட்டையில வந்து மோதி, கதிர் உன் மேல தெறிக்கட்டும். நீ எவ்வளவு நேரம் முழுசா இருக்கேன்னு பார்ப்போம். விடப் போறது நானில்ல, தெரியுதா? பாப்பா. நான் சொன்னா அவ ஏன்னு கேக்க மாட்டா."

பாப்பா குமிழை முழுவதுமாகத் திருப்பினாள். அறை முழுக்க அண்ணனின் மூச்சு நிறைந்தது. சாவிக்காரர் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைக்க மறந்து எழுந்து நின்றார்.

"ஐயா, காவலுக்கு போன் போடுங்க. கதவைத் திறக்கணும்."

"கையைத் திற," என்றது ஒலிபெருக்கி. "திறக்க மாட்டே? சரி. அந்தக் கையில சாவியை வச்சுக்க. இந்தக் கையை இங்க வை."

சங்கிலி குலுங்கியது. மோதல் கலத்தின் எஃகு மூடியைத் தூக்கி இறக்கும் மோட்டார் முனகத் தொடங்கியது. நான்கு ஆள் சேர்ந்தாலும் அசைக்க முடியாத மூடி அது. காலையில் தகடு மாற்றுவதற்காகத் தூக்கி, ஒரு சாண் உயரத்தில் தொங்கவிட்டிருந்தார்கள்.

"சாவியைக் குடு. நிறுத்திடறேன்."

"மாட்டேன்."

"விரல் நசுங்கும்."

"நசுங்கட்டும்."

அடுத்து வந்த அலறலில் ஒலிபெருக்கி பிசிறடித்தது. பாப்பா சுவரிலிருந்த பெரிய மோட்டார் சுவிட்சைப் பிடித்தாள்.

"அதைப் பிடுங்கினா கதவு மோட்டாரும் போயிடும்மா! ரெண்டும் ஒரே லைன்!"

"பிடுங்கலைன்னா கை போயிடும் ஐயா!"

இழுத்தாள். மோட்டார் நின்றது. அலறல் நிற்கவில்லை, மூச்சு வாங்கி வாங்கி வந்தது. பாப்பா ஒலிவாங்கியை எடுத்தாள்.

"அண்ணா."

உள்ளே அவருடைய மூச்சு நின்றது.

"பாப்பா?" குரல் அப்படியே மாறிவிட்டது, பழைய, செல்லம் கொஞ்சும் குரல். "நல்லவேளை பாப்பா. அண்ணி இருட்டுல தெரியாம மூடிக்கடியில கையை வச்சுட்டா. கரண்ட்டைப் போடு, தூக்கணும்."

"பெட்டி மேல விளக்கை மூடி டேப் ஒட்டியிருக்கு அண்ணா. பெட்டி திறந்துதான் இருந்துச்சு. டேப்பை நான்தான் கிழிச்சுக் குடுத்தேன்."

"கரண்ட்டைப் போடுடி."

பிறந்ததிலிருந்து அவளை அவர் டி போட்டதில்லை.

அவள் டார்ச்சை எடுத்துக்கொண்டு நடைவழியில் ஓடினாள். காவலுக்குப் போனில் கத்திவிட்டுச் சாவிக்காரரும் பின்னால் வந்தார். மின்சாரம் போனால் கதவை நகர்த்துவதற்கென்று ஒரு பல்சக்கரம் உண்டு. அதில் நீளமான இரும்புக் கைப்பிடியைச் செருகி இருவரும் சேர்ந்து சுற்றினார்கள். ஒரு சுற்றுக்கு ஒரு விரல்கடை நகர்ந்தது. இருட்டுக் கோடு ஒன்று விழுந்தது. அதன் வழியே ரத்த வாடை வந்ததா, இல்லை இரும்பின் வாடையா, பாப்பாவுக்குத் தெரியவில்லை.

"அண்ணி! பேசுங்க! ஏதாவது பேசிக்கிட்டே இருங்க!"

"என்ன பேச?"

"எதையாவது!"

"உங்க அண்ணன் ஸ்பேனர் தேடுறார்."

"சுத்துங்க ஐயா!"

"சுத்திக்கிட்டுத்தானே இருக்கேன். இதுக்குத்தான் என்னை இத்தனை வருஷம் உக்கார வச்சே சம்பளம் குடுத்திருக்காங்க."

ஒருக்களித்து நுழையும் அளவுக்கு இடைவெளி வந்ததும் பாப்பா உள்ளே போனாள். டார்ச் வெளிச்சத்தில் முதலில் தெரிந்தது அண்ணனின் வெள்ளைச் சட்டை. மார்பில் சிவப்புப் பொட்டுகள், ஒன்றும் அவருடையதல்ல. கையில் முழங்கை நீளத்துக்கு ஸ்பேனர். அவருக்குப் பின்னால் அண்ணி மண்டியிட்டிருந்தாள். வலக்கை கலத்தின் விளிம்புக்கும் மூடிக்கும் நடுவில். இடக்கை மார்போடு, இறுக மூடியபடி. ஒரு கண் வீங்கி முற்றிலும் மூடியிருந்தது.

"பாப்பா, நான் சொல்றதைக் கொஞ்சம் கேளு."

"கேட்டுட்டேன்."

அவள் அவரைத் தாண்டிப் போனாள். மூடியைக் கையாலேயே உயர்த்தும் சங்கிலி கம்பத்தின் அந்தப் பக்கம் தொங்கியது. அதை அவள் பிடிப்பதற்குள் பின்னாலிருந்து கூந்தல் இழுபட்டது. முகம் எஃகு விளிம்பில் போய் இடித்தது. வாய்க்குள் ஒரு பல் தனியாக உருண்டது. துப்பிவிட்டுச் சங்கிலியை இழுத்தாள். ஸ்பேனர் தோளில் இறங்கியது. உள்ளே எலும்பு முறியும் ஓசை அவளுக்கே கேட்டது. இடக்கை தொங்கிப்போனது. வலக்கை சங்கிலியை விடவில்லை.

"தம்பி, பொண்ணை விடு."

சாவிக்காரர் கதவு இடைவெளியில் நின்றார், இரும்புக் கைப்பிடியோடு.

"நீ வெளியில போ பெரிசு. இது குடும்ப விஷயம்."

"குடும்ப விஷயம்னா மெதுவா பேசணும்ப்பா. எனக்கே கேட்டுடுச்சு."

அண்ணன் ஸ்பேனரை ஓங்கிக்கொண்டு ஓர் அடி எடுத்து வைத்தார். கைப்பிடி அவர் முழங்காலில் விழுந்தது. மரக்கிளை முறிவது போன்ற சத்தம். விழுந்தவர் ஸ்பேனரை விடவில்லை என்பதால் அந்த மணிக்கட்டிலும் ஓர் அடி. அதற்கு மேல் ஓர் அடி தேவையே இல்லை. ஆனாலும் சாவிக்காரர் அடித்தார். அடித்துவிட்டுச் சுவரோரமாகப் போய் நின்று வாந்தி எடுத்தார்.

பாப்பா ஒற்றைக் கையால் சங்கிலியைக் கண்ணி கண்ணியாக இழுத்தாள். மூடி நகம் அளவு எழும்பியது. விரல் அளவு எழும்பியது. அண்ணி கையை வெளியே எடுத்தாள். எது எந்த விரல் என்று சொல்ல முடியவில்லை.

"அவ்வளவுதான் அண்ணி, அவ்வளவுதான்."

அண்ணி அவளைப் பார்க்கவில்லை. மூடிய இடக்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். காவலர்கள் வந்து ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்தபோதும், ஆம்புலன்சில் ஏற்றியபோதும் அந்தக் கை திறக்கவில்லை. ஊசி போடவேண்டும், கையைத் திறங்கம்மா என்று செவிலியர் கெஞ்சியபோது, "கால்ல போடுங்க" என்றாளாம்.

அடுத்த நாட்களிலும் பலகையில் ஒரு கொக்கி காலியாகவே இருந்தது. அண்ணனின் சட்டைப் பையிலிருந்த சாவியைப் போலீஸ் திருப்பிக் கொடுத்துவிட்டது. அண்ணியின் சாவிக்குத்தான் வேறு வழியில்லை. மாற்றுச் சாவி என்று ஒன்று அங்கே செய்து வைப்பதே இல்லை. மற்ற ஆய்வுக் குழுக்கள் பீம் எப்போது, பீம் எப்போது என்று நச்சரித்தன. தோளில் கட்டோடு பாப்பா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள்.

படியேறும்போது கைபேசி அடித்தது. அம்மா.

"இன்னைக்கு ஸ்டேஷன்ல உன்னைக் கூப்பிட்டிருக்காங்களாமே?"

"ஆமாம்மா."

"மெஷின் சத்தத்துல ஒண்ணும் சரியா கேக்கலைன்னு சொல்லிடு. அந்தப் பெரியவர் பேச்சு எடுபடாது, அவருக்குக் காது மந்தம்னு ஊருக்கே தெரியும். நீ சொல்றதுதான் நிக்கும். உனக்கு சைக்கிள் ஓட்டக் கத்துக்குடுத்தவன்டி அவன்."

"என் தோளை உடைச்சதும் அவர்தான்மா."

"கோவத்துல ஒரு அடி..."

பாப்பா கைபேசியை அணைத்துப் பைக்குள் போட்டாள்.

அண்ணியின் வலக்கை கட்டுக்குள் சின்னதாகியிருந்தது. இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். இடக்கை போர்வைக்கு மேலே, இன்னும் மூடியபடி.

"சாவிக்கா வந்தே?"

"சாவிக்குன்னுதான் அனுப்பினாங்க." பாப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பல் போன இடத்தில் நாக்கு போய்ப் போய் வந்தது. "டேப்பைத் தெரிஞ்சேதான் ஒட்டினீங்களா அண்ணி?"

"டிடெக்டருக்காகத்தான் ஒட்டினேன். பெட்டி அணைஞ்சிருக்கான்னு அவர் கேட்டப்போதான் ஞாபகம் வந்துச்சு. நான் சொன்னா நீ நம்ப மாட்டே. அவர் சொன்னா நம்புவியேன்னு பேச வச்சேன்."

"மொத அறை கேட்டதும் நான் சத்தத்தைக் குறைச்சுட்டேன் அண்ணி. ஐயா கேட்டப்போ பம்ப்புன்னு சொன்னேன்."

அண்ணி ஜன்னலைப் பார்த்தாள். கீழே தெருவில் யாரோ ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்கள்.

"உதடு என்னாச்சு அண்ணி?" என்றாள் பாப்பா.

அண்ணி மெல்லத் திரும்பினாள். "எதுக்குக் கேக்குறே?"

"தெரிஞ்சுக்கிறதுக்கு."

"உங்க அண்ணன் அறைஞ்சார். நான் அவரோட பழைய அளவைச் சரிபார்த்துட்டேன்னு சொன்ன அன்னைக்கு."

"கண்ணு?"

"முட்டியால."

"மணிக்கட்டு?"

"உனக்கே தெரியும்."

"என் வாயாலயும் சொல்றேன். நான் போய் அவர்கிட்ட சொன்னேன், அதனால."

"பம்ப்புன்னு சொன்னியே, அதையும் ஸ்டேஷன்ல சொல்வியா?"

"சொல்வேன்."

"முதல்ல போய்ச் சொல்லிட்டு வா. அப்புறம் கையைத் திறக்குறேன்."

பாப்பா எழுந்து வெளியே வந்தாள். படியில் நின்று கைபேசியை உயிர்ப்பித்தாள். அம்மாவின் அழைப்புகள் வரிசையாக வந்து விழுந்தன. அவற்றைத் தள்ளிவிட்டுச் சாவிக்காரருக்குப் போட்டாள்.

"சாவி கிடைச்சுதாம்மா?"

"இல்ல ஐயா. ஸ்டேஷனுக்குப் போயிட்டு வந்து வாங்கிக்கிறேன். அதுவரைக்கும் பீம் கிடையாதுன்னு சொல்லிடுங்க."

"டைரக்டர் கேட்டா?"

"யாரு கேட்டாலும்."

"என்னம்மா? சரியா கேக்கல."

"உங்களுக்கா கேக்கல?" என்றாள் பாப்பா. அந்தப் பக்கம் அவர் சிரிப்பது கேட்டது. வீங்கிய வாயோடு அவளும் சிரிக்கப் பார்த்தாள், வலித்தது. ஸ்டேஷன் எந்தப் பக்கம் என்று வாசலில் ஒருவரைக் கேட்டுக்கொண்டு நடந்தாள்.